இப்னு ஸுபைர் கலகக்காரர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்ட அரச மரபினரான உமையாக்களின் ஆட்சி குறித்து வெளியான கட்டுரை, அப்துல்லாஹ் இப்னு ஸுபைரை 'மக்காவில் இருந்துகொண்டு கலகம் செய்தவர்' என்று ஒரே வரியில் கடந்து சென்றிருப்பது மிகுந்த வருத்தம் தருகிறது.

683 நவம்பரில் உமையா கலீபா (முஸ்லிம்களின் ஆட்சித் தலைவர்) யஸீத் இறந்தபோது அவருடைய படை மக்காவை முற்றுகையிட்டிருந்தது. கஅபா ஏற்கெனவே தீக்கிரையாகியிருந்தது. அந்தப் படையின் தளபதியான ஹுஸைன் இப்னு நுமைரே, தம்மோடு சிரியாவுக்கு வந்தால் பைஅத் (ஆட்சியாளராக ஏற்கும் உறுதிமொழி) செய்வதாக இப்னு ஸுபைரிடம் கூறினார் என்றும், அவர் மக்காவை விட்டு நகர மறுத்துவிட்டார் என்றும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் செய்த பெரும் பிழை அதுதான் என்பது என் கருத்து. ஆயினும் ஹிஜாஸ் (மக்கா, மதீனா அடங்கிய மேற்கு அரேபியா), ஈராக், எகிப்து ஆகிய பகுதிகள் அவரைக் கலீபாவாக ஏற்றன. சிரியாவிலேயே ஹிம்ஸும் கின்னஸ்ரீனும் அவர் பக்கம் நின்றன. ஈரானின் கிர்மானில் அச்சிடப்பட்ட வெள்ளி நாணயங்களில் அவர் பெயருடன் 'நம்பிக்கையாளர்களின் தலைவர்' என்ற பட்டம் பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உமையா மரபின் மர்வான் கலீபாவாக அறிவிக்கப்பட்டது பல பகுதிகள் இப்னு ஸுபைரை ஏற்ற பிறகு, 684இல்தான். இப்னு ஸுபைரின் ஆதரவாளர்களை மர்ஜ் ராஹித் போரில் வென்ற பின்பே சிரியா முழுவதும் அவர் வசமாயிற்று.

அன்றைய நிலைமையைப் புரிந்துகொள்ள 688ஆம் ஆண்டு ஹஜ் ஒன்றே போதும். மக்காவுக்கு அருகே ஹாஜிகள் கூடும் அரஃபா வெளியில் அவ்வாண்டு நான்கு கொடிகள் தனித்தனியே நின்றன: இப்னு ஸுபைருடையது ஒன்று, அலீ (ரலி) அவர்களின் மகன் முஹம்மத் இப்னுல் ஹனஃபிய்யாவுடையது ஒன்று, தனிப் பிரிவினரான காரிஜிய்யாக்களின் தலைவர் நஜ்தாவுடையது ஒன்று, உமையாக்களுடையது ஒன்று. எந்த நேரத்தில் வாள் உருவப்படுமோ என்று அஞ்சிய ஹாஜிகள் அனைவரும் ஒரே வெளியில் நின்று ஒரே தல்பியாவை (ஹஜ் முழக்கத்தை) முழங்கி, சண்டையின்றித் திரும்பினார்கள். இத்தகைய காலத்தில் ஒருவரை மட்டும் அரசர் என்றும் மற்றவர்களைக் கலகக்காரர்கள் என்றும் பிரிப்பது, பின்னாளில் வென்றவரின் கண்ணால் பார்ப்பதாகும்.

இப்னு ஸுபைரின் தரப்பில் குற்றமே இல்லை என்று நான் வாதிடவில்லை. 687இல் ஈராக்கின் கூஃபாவில் ஆட்சியைக் கைப்பற்றியிருந்த முக்தார் வீழ்ந்த பின், சரணடைந்த ஆயிரக்கணக்கானோரை இப்னு ஸுபைரின் தம்பி முஸ்அப் கொல்லச் செய்ததை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

692இல் உமையாக்களின் தளபதி ஹஜ்ஜாஜ் ஆறு மாதங்களுக்கும் மேலாக மக்காவை முற்றுகையிட்டு, கவண்பொறிகளால் கல்லெறிந்து நகரைப் பிடித்தார். இறந்த பின் தம் உடலைச் சிதைப்பார்களே என்று கலங்கிய மகன் இப்னு ஸுபைரிடம், அறுத்த ஆட்டைத் தோலுரித்தால் அதற்கு வலிக்காது என்று முதிய தாய் அஸ்மா (ரலி) சொல்லி அனுப்பியதாக வரும் செய்தியைக் கண்கலங்காமல் என்னால் படிக்க இயலவில்லை. தீயில் பழுதான கஅபாவை, அதை ஒட்டியுள்ள ஹத்தீம் பகுதியையும் உள்ளடக்கி இரண்டு வாசல்களுடன் இப்னு ஸுபைர் எழுப்பியிருந்தார். ஹஜ்ஜாஜ் அதை இடித்துப் பழைய அளவுக்கே சுருக்கினார். இன்று தவாஃப் (கஅபாவை வலம் வருதல்) செய்வோர் கஅபாவுக்கு வெளியே காணும் அரைவட்டச் சுவர் அந்த இடத்தைத்தான் குறிக்கிறது.

அடுத்த இதழிலேனும், 683 முதல் 692 வரை மக்காவிலிருந்து ஆண்ட கலீபா என்று அவரைக் குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மேலப்பாளையம்.