போர்டில் கேட்டது

அன்புள்ள சரோ,

இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்டப்போகிற திட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் அதைத் தாண்டிப் போவோம். அண்ணனுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மங்கை சொன்னாள். மாடிப்படி ஏற விடாதே, கேட்கமாட்டார், தெரியும். இங்கே எல்லாரும் சுகம். என் சர்க்கரையும் சுகமாகவே இருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு நீதான் பஞ்சாயத்து. காவ்யாவுக்கு லா காலேஜில் செமினார். அரசாங்கம் சொந்த ஜனங்களையே ஒட்டுக்கேட்கிறது என்கிற ரகசியத்தை வெளியே விடுகிறவன் குற்றவாளியா, இல்லையா என்று தலைப்பு. வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள், அமெரிக்க உளவு ரகசியங்களை 2013-ல் வெளியே விட்ட ஸ்னோடனைப் பிடித்துக்கொள்ள, இவள் மட்டும் 1971-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு திருட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை, "திருட்டு என்று நீயே சொல்லிவிட்டாய், அப்புறம் என்ன செமினார்?" என்று பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன் என்றால், தூக்கம் போய்விட்டது.

பிலடெல்ஃபியா பக்கத்தில் மீடியா என்று ஒரு சின்ன ஊர். அங்கே அமெரிக்க மத்திய போலீஸான எஃப்.பி.ஐ.க்கு ஒரு குட்டி ஆபீஸ், கோர்ட்டுக்கு எதிரே, குடித்தனக்காரர்களும் இருக்கிற கட்டடத்தில். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். போர் வேண்டாம் என்று ஊர்வலம் போகிறவர்களுக்கு, கூட்டத்தில் நம்மோடு கோஷம் போடுகிறவனே உளவாளியோ என்று சந்தேகம். சந்தேகம்தான், ஆதாரம் கிடையாது. வில்லியம் டேவிடன் என்று ஹாவர்ஃபோர்ட் கல்லூரியில் பிசிக்ஸ் வாத்தியார். அவர் நம்பிக்கையான ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, எஃப்.பி.ஐ. ஆபீஸை உடைத்து ஃபைலை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பிசிக்ஸ் வாத்தியார்டி! நமக்குப் பிசிக்ஸ் எடுத்தவர் ஃபேனுக்கு ஸ்விட்ச் போடவே பியூனைக் கூப்பிடுவார்.

ஒன்பது பேர் சேர்ந்தார்கள், ஒருவர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார். மிச்சம் எட்டு. அதில் பானி ரெய்ன்ஸ் என்று ஒருத்தி, இருபத்தொன்பது வயசு. அவள் புருஷன் ஜான், டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மதம் பற்றிப் பாடம் எடுப்பவர். பத்து வயசுக்குள் மூன்று குழந்தைகள்.

பானி செய்ததைக் கேள். எஃப்.பி.ஐ.யில் பெண்களுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள வந்த காலேஜ் மாணவி மாதிரி அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். தலைமுடியைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, கையில் கையுறை. குளிர்காலம், அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. குறிப்பு எடுக்கும்போதும் கழற்றவில்லை, கைரேகை விழக்கூடாதே. கேள்வி கேட்டுக்கொண்டே அலாரம் இல்லை, பீரோக்களுக்குப் பூட்டு இல்லை என்று கண்ணாலேயே கணக்கு எடுத்திருக்கிறாள். கிளம்பும்போது பாத்ரூம் தேடுகிற பாவனையில் தடம் மாறிப் போய், இன்னொரு கதவு இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டாள். அந்த இன்னொரு கதவுதான் பிற்பாடு கை கொடுத்தது. பூட்டுத் திறக்கப் பழகியிருந்த கீத் ஃபோர்சைத் என்ற பையன் ராத்திரி போய்ப் பார்த்தால், மெயின் கதவில் அவனுக்குத் திறக்க வராத பூட்டு ஒன்று கூடுதலாக இருக்கிறது. பக்கத்துக் கதவை நெம்பினான். அதற்குப் பின்னால் கனமான பீரோ. சத்தம் வராமல் அதைத் தள்ளித் தள்ளி உள்ளே நுழைந்திருக்கிறான்.

நாள் பார்த்ததும் ஒரு சாமர்த்தியம். 1971 மார்ச் 8, முகமது அலிக்கும் ஜோ ஃப்ரேஸியருக்கும் குத்துச்சண்டை. ஊரே ரேடியோவில் காது வைத்திருக்கும். நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நைட் டூட்டியில் கிரிக்கெட் ஃபைனல் அன்றைக்கு போர்டில் ஒரு விளக்கு எரியாதே, ஞாபகம் இருக்கிறதா? அதே கதை. ஆயிரத்துக்கு மேல் ஆவணங்கள், அத்தனையும் சூட்கேஸில் வெளியே வந்துவிட்டன.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல். அந்த ஃபைல்களில் ஒன்று, பக்கத்து ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஒரு தத்துவப் பேராசிரியரைக் கவனிப்பது பற்றி. யார் யார் தகவல் தருகிறார்கள் என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர் போஸ்ட்மாஸ்டர். கல்லூரி செக்யூரிட்டி அதிகாரி. அப்புறம், சரோ, கல்லூரியின் ஸ்விட்ச்போர்டு ஆபரேட்டர். அவருக்கு வருகிற, அவர் போடுகிற வெளியூர் கால்களைப் பற்றிச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

காவ்யா அதைச் சும்மா ஒரு வரியாக வாசித்துவிட்டுப் போனாள். எனக்குக் காதில் மறுபடி ஹெட்செட் மாட்டிய மாதிரி இருந்தது. வெளியூர் கால் இணைக்கிற ட்ரங்க் போர்டில் நாம் கேட்காததா? "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணவா" என்று நடுவில் நுழையும்போது யார் அழுதார்கள், யார் பணம் கேட்டார்கள், யார் யாரை ஏமாற்றினார்கள், எல்லாம் தெரியும். அந்த ஜவுளிக்கடைக்காரர் விஷயம் ஊரில் முதலில் தெரிந்தது நமக்குத்தான். அவர் மனைவி கோயிலில் எதிரே வந்தபோது நீ தேங்காய் உடைக்கப் போகிற மாதிரி திரும்பிக்கொண்டாயே. ராஜம் மேடம் முதல் நாளே சொன்னாரே, போர்டில் கேட்டது வயரைப் பிடுங்கியதும் போச்சு என்று. 1885-ம் வருஷத்து டெலிகிராஃப் சட்டமே, வெளியே சொல்கிற ஊழியருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில் என்று வைத்திருந்தது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம், அவனுக்கே அந்த மட்டும் கூச்சம் இருந்தது.

நீ உடனே என்ன சொல்வாய் என்று தெரியும். போலீஸ் காரணமில்லாமலா கேட்டிருப்பான்? காரணம் இருந்தது, மறைக்கவில்லை. அதற்கு முந்தின செப்டம்பரில் பாஸ்டனில் ஒரு பேங்க் கொள்ளை. ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதில் சம்பந்தப்பட்ட இரண்டு காலேஜ் பெண்கள் தலைமறைவு. அவர்கள் இந்தப் பேராசிரியரைத் தேடி வரலாம் என்று எஃப்.பி.ஐ.க்கு நினைப்பு. செத்தவர் வீட்டுக்கு நியாயம் வேண்டாமா? வேண்டும். ஆனால் அதற்கு ஜட்ஜிடம் போய் ஒரு உத்தரவு வாங்கக்கூடாதா? ஆபரேட்டர் தலையாட்டினால் போதும் என்றால், நாளைக்கு யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் தலையாட்டலாம். அப்படித்தான் ஆகியும் இருந்தது. அதே ஃபைல் கட்டுக்குள் இன்னொரு காகிதம்: போர் எதிர்ப்பாளர்களை அடிக்கடி போய் விசாரியுங்கள், அவர்களுக்குப் பயம் கூடும், ஒவ்வொரு தபால்பெட்டிக்குப் பின்னாலும் எங்கள் ஆள் நிற்கிறான் என்று நினைக்கட்டும் என்று. கறுப்பின மாணவர் சங்கம் எந்தக் கல்லூரியில் இருந்தாலும், தகராறு நடந்திருக்கிறதோ இல்லையோ, விசாரிக்க உத்தரவு. திருடியவர்களே எண்ணி வெளியிட்ட கணக்குப்படி, எடுத்த விசாரணை ஃபைல்களில் 40 சதவீதம் அரசியல் கண்காணிப்பு. மாஃபியா மாதிரி கும்பல் குற்றத்துக்கு 1 சதவீதம்.

அந்தக் கணக்கைப் போட்டதுதான் எனக்குப் பிடித்தது. பையைத் தெருவில் கவிழ்த்துவிட்டு ஓடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாகப் பிரித்திருக்கிறார்கள். அரசியல் உளவு ஒரு பக்கம், நிஜமான குற்ற விசாரணை இன்னொரு பக்கம். முதல் வகையைத்தான் நகல் எடுத்துப் பத்திரிகைகளுக்கும் இரண்டு அரசியல்வாதிகளுக்கும் தபாலில் அனுப்பினார்கள். அரசியல்வாதிகள் இருவரும் பத்திரமாக எஃப்.பி.ஐ.யிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் (சிரிக்காதே). வாஷிங்டன் போஸ்ட்டில் பெட்டி மெட்ஸ்கர் என்ற நிருபர் எழுதினார். போடாதே என்று அட்டர்னி ஜெனரலே போன் செய்தும் மார்ச் 24-ல் போட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை கேட்கிற கேள்வி ஒன்றுக்கு எனக்கு இன்னும் பதில் இல்லை. "மூணு குழந்தையை வைத்துக்கொண்டு அப்பா அம்மா ரெண்டு பேரும் போவார்களா?" ஒருவர் போயிருக்கலாமே! பிடிபட்டால் ரெண்டு பேருக்கும் பல வருஷம் உள்ளே. ஜானின் அண்ணன் குடும்பத்திடம் முன்கூட்டியே பேசி, குழந்தைகளை நீங்கள் வளர்க்க வேண்டி வரலாம் என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அந்தப் பேச்சு எப்படி நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சாப்பாட்டுக்கு அப்புறமா? குழந்தைகள் தூங்கின பிறகா? என் மூன்று வயசுக் குமாருக்கு அம்மை போட்டபோது, நைட் டூட்டியை மாற்றிக்கொள்ள உன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினவள் நான். என்னால் முடியாது. முடியாது என்பது சரியா என்று இப்போது தெரியவில்லை. அப்பா அம்மாவாக இருப்பவர்கள் எல்லாரும் இப்படி ஒதுங்கினால், இந்த வேலைக்கு மிச்சம் இருப்பது கல்யாணமாகாத பையன்கள்தான், அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

இன்னொன்று, உங்கப்பா. வேதாரண்யத்தில் உப்பு எடுத்து அடி வாங்கி ஜெயிலுக்குப் போனவர். "செய்தால் சொல்லிவிட்டுச் செய், செய்துவிட்டுக் கையை நீட்டு" என்று நம்மிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார். ஸ்னோடனாவது சில நாளில் ஹாங்காங்கிலிருந்து நான்தான் என்று முகத்தைக் காட்டினார். இவர்கள் எட்டுப் பேரும் ஒளிந்துகொண்டார்களே, அது தைரியமா என்று அவர் கேட்டிருப்பார். நான் அவரோடு மனசுக்குள் வாதாடிக்கொண்டே இருக்கிறேன். ஜான் ரெய்ன்ஸ் கையை நீட்டத் தெரியாதவர் இல்லை. 1961-ல் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினத்தவரோடு சேர்ந்து பஸ்ஸில் போய் லிட்டில் ராக்கில் கைதானவர். ஆனால் உப்புச் சத்தியாகிரகத்தில் சட்டத்தை மீறுவதே சேதி. இங்கே சேதி காகிதத்தில் இருக்கிறது. காகிதம் தபாலில் சேர்வதற்குள் கையை நீட்டினால் காகிதமும் போகும், ஆளும் போவான். சேர்ந்த பிறகு? அங்கேதான் உங்கப்பா என்னை மடக்குவார்.

பேசாமல் இருந்ததும் சுலபமாக இருந்திருக்காது. 200 ஏஜென்ட்கள் தேடினார்கள், 33,000 பக்கத்துக்கு மேல் விசாரணை ஃபைல். பானியின் முகத்தை வரைந்து வைத்துக்கொண்டு அலைந்தார்கள். கழன்றுகொண்ட அந்த ஒன்பதாவது ஆள் ஒருநாள் வீட்டுக்கே வந்து, காட்டிக்கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன் என்றாராம். 1976-ல் கேஸை மூடினார்கள், ஒருவரும் பிடிபடவில்லை. எட்டுப் பேரும் அதற்கப்புறம் சந்தித்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்து அதன்படியே இருந்தார்கள். 1989-ல் மெட்ஸ்கர் ஒருநாள் ரெய்ன்ஸ் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது கடைசி மகள் உள்ளே வர, ஜான் அவளிடம், எஃப்.பி.ஐ. பற்றிய காகிதங்களை அப்பாவும் அம்மாவும் இவருக்குத்தான் அனுப்பினோம் என்று சொல்லிவிட்டார். மெட்ஸ்கருக்கு அதுவரை யார் அனுப்பினது என்றே தெரியாது! அவர் புத்தகமாக எழுதி 2014-ல் வெளிவந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. டேவிடன் அதற்குச் சில மாதம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதனால் என்ன ஆயிற்று என்று மாப்பிள்ளைக்குக் காவ்யா ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். திருடிய அந்தக் காகிதக் கட்டுக்குள் ஒரு துண்டுச்சீட்டில் 'கோயின்டெல்ப்ரோ' என்று ஒரு வார்த்தை. என்ன அது என்று கார்ல் ஸ்டெர்ன் என்ற டிவி நிருபர் கேஸ் போட்டுக் காகிதம் வாங்கினார்: தனக்குப் பிடிக்காத இயக்கங்களைக் குலைக்க எஃப்.பி.ஐ. நடத்திய ரகசியத் திட்டம். அது செனட் வரை போய் 1975-ல் செனட்டர் சர்ச் தலைமையில் ஒரு கமிட்டி விசாரித்தது. மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பெயரில்லாத கடிதம் அனுப்பி, செத்துப்போ என்கிற மாதிரி எழுதினதும் எஃப்.பி.ஐ.தான் என்று அதில்தான் வெளியே வந்தது. வெளிநாட்டு உளவு என்ற காரணத்துக்காக உள்நாட்டில் ஒட்டுக்கேட்கவும் கோர்ட் உத்தரவு வேண்டும் என்று 1978-ல் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தையே வளைத்து என்ன செய்தார்கள் என்று சொல்லத்தான் பிற்பாடு ஸ்னோடன் வரவேண்டியிருந்தது, அது வேறு கதை. மாப்பிள்ளை அந்தத் தாளைப் பார்க்காமலே பால் எடுக்கிறார்.

நீ எனக்குப் பதில் எழுத வேண்டியது இரண்டு. உங்கப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? நம் போர்டுக்கு ஒருநாள் ஒருவர் வந்து, குறிப்பிட்ட நம்பருக்கு வருகிற காலை மட்டும் சொல்லு, நாட்டுக்காக என்று கேட்டிருந்தால் ராஜம் மேடம் என்ன செய்திருப்பார்? நீ என்ன செய்திருப்பாய் என்று கேட்கவில்லை, உனக்குப் பாதி கால் தப்பான ஜாக்கில்தான் போகும். போனில் கூப்பிடாதே, அண்ணன் முட்டியைப் பற்றியே பேசி முடித்துவிடுவாய். எழுது.

உன்
பத்மா

பி.கு: நவம்பர் வருகிறது, லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க மறந்துவிடாதே. போன வருஷம் மங்கைக்கு இரண்டு மாசம் பென்ஷன் நின்றுபோய், உயிரோடுதான் இருக்கிறேன் என்று அலைந்து திரிந்து நிரூபித்தாள்.