கிளட்ச்சை மாற்றும் முன் முள்ளைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனப் பராமரிப்புப் பக்கத்தில், கியர் மாற்றும்போது கார் திணறினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, உடனே மாற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை நம்பி இன்னொருவர் பணத்தைத் தொலைத்துவிடக் கூடாதே என்ற பதைப்பில் இதை எழுதுகிறேன். நான் 9,000 ரூபாய் தொலைத்தவன்.

என்னுடையது 2014ஆம் வருடத்துப் பெட்ரோல் கார். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வாரம் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். சேரன்மகாதேவி தாண்டி ஒரு லாரியை முந்தலாம் என்று மூன்றாவது கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டால், ஆக்சிலேட்டரை மிதித்த மிதிக்கு ஒரு நொடி பதிலே இருக்காது. அப்புறம் வெட்டி இழுக்கும். திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தில் டவுன் பஸ் முதுகில் ஒட்டி வரும்போது அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்பது ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். பின்சீட்டில் அம்மா வேறு.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தியபடியே ஓடவிட்டுக் கேட்டார்கள். ஐடிலிங் சீராக இருந்தது. "என்ஜின் நல்லா இருக்கு, கிளட்ச்தான்" என்று பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். மறுநாளே வீரவநல்லூர் வருவதற்குள் பழைய திணறல் வந்துவிட்டது.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு இளம் மெக்கானிக்கிடம் போனேன். போனட்டைத் திறக்கும் முன்பே அவர் கேட்டது இதுதான்: "அண்ணாச்சி, திணறும்போது ஆர்.பி.எம். முள்ளு ஏறுதா, படுத்துருதா?" என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் அந்த முள்ளை நான் கவனித்ததே இல்லை. பாபநாசம் ரோட்டில் இருவரும் ஒரு நடை போய்வந்தோம். முள் படுத்தது. "அப்ப கிளட்ச்சு இல்ல அண்ணாச்சி. எங்கயோ கள்ளக்காத்து உள்ள போவுது" என்றார்.

பிளேட் தேய்ந்து கிளட்ச் நழுவினால் என்ஜின் வேகம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. ஆளில்லாத சமதள ரோட்டில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால் தெரிந்துவிடும். முள் மட்டும் துள்ளினால் கிளட்ச். முள்ளே தயங்கினால் கோளாறு என்ஜின் பக்கம், அதாவது காற்று, பெட்ரோல், பிளக், காயில் இவற்றில் ஒன்றில். (நாலாவது கியரில் 25, 30-லேயே உருட்டிக்கொண்டு வண்டி இழுக்கவில்லை என்பவர்கள் முதலில் கியரைக் குறைத்துப் பார்க்கட்டும்.)

என் வண்டியில் ஏர் பில்டரை ஒட்டி, உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சர் இருக்கிறது. அங்கிருந்து, ஆக்சிலேட்டர் மிதிக்கு ஏற்ப காற்றை உள்ளே விடும் த்ராட்டில் பாடி வரை மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் ஹோஸ். அதைக் கழற்றி வளைத்துக் காட்டினார். மடிப்புக்குள் விரல் நீளத்துக்கு வெடிப்பு. நேராக இருக்கும்போது வாய் மூடிக்கொள்கிறது, வளைத்தால் திறக்கிறது. கியர் மாற்றிக் கிளட்ச்சை விடும்போது என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். எங்கள் வண்டியில் என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்டிங் ரப்பரும் செத்துப்போயிருந்ததால் ஆட்டம் அதிகம். அந்தச் சாய்வில் வெடிப்பு வாயைத் திறக்க, சென்சர் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. 1 கிராம் பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிராம் காற்று என்பது கணக்கு. காற்று கூடிப் பெட்ரோல் பற்றாமல் போனால் என்ஜின் திணறத்தான் செய்யும். நின்றபடி ஓடும் வண்டியில் இது எப்படித் தெரியும்?

எல்லாக் கார்களிலும் இந்த சென்சர் கிடையாது. த்ராட்டிலைத் தாண்டி என்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் மானிபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் வண்டிகளில் த்ராட்டிலுக்கு அப்பால் உள்ள வேக்குவம் குழாய்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டீசல் வண்டியின் கதையே வேறு.

ஹோஸும் மவுண்ட்டிங்கும் மாற்ற மொத்தம் 2,300 ரூபாய் ஆனது. இப்போது பாலத்தில் பயமில்லாமல் ஏறுகிறேன்.

கழற்றிய கிளட்ச் பிளேட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அந்தத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, பிளேட்டில் உராய்வுப் பட்டையைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணியின் தலை வரை தேய இன்னும் நிறைய இருக்கிறது என்றார். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, முள்ளைப் பார்க்கும் சோதனையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம்.