செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் இரவு வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுக் கேள்வி கேட்கப்போகும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் ஏர் ரைஃபிள் சங்கத்தில் நடந்தவற்றைச் சமர்ப்பிக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. இரண்டு முறை கோரம் இல்லாமல் கலைந்தது. கோடைப் பயிற்சி முகாம் மே மாதம் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் அர்ஜுன் பபுதா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நான்காவதாக வந்த இறுதிச் சுற்றை ரேஞ்சிலேயே பெரிய திரையில் போட்டோம். அதன்பின் புதிதாகச் சேர விசாரித்தவர்கள் பலர். சந்தா கட்டிச் சேர்ந்தவர்கள் சிலர்.

ஆயுத பூஜை சிறப்பாக நடந்தது. அதுபற்றி ஒரு வேண்டுகோள் உண்டு. சந்தனத்தை ஸ்டாக்கில் (தோளில் வைக்கும் கட்டையில்) வையுங்கள், பாரல் (குழல்) வாயில் வைக்காதீர்கள். பெல்லட் (ஈயக் குண்டு) வெளியேறும் கணத்தில் காற்று அதன் பாவாடை (மெல்லிய பின்பகுதி) விளிம்பைச் சுற்றிச் சமமாகப் பிரிய வேண்டும். ஒரு பக்கம் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தால் காற்று மறுபக்கம் தள்ளும், பெல்லட் தலையாட்டிக்கொண்டே போகும். அதைச் சாவியால் சுரண்டி எடுத்தால் பாரல் விளிம்பில் விழும் கீறல் அடுத்த பூஜைக்கும் இருக்கும்.

இந்த ஆண்டின் முக்கியப் பணிக்கு வருகிறேன். கடந்த பொதுக்குழுவில் ஒன்பது ஷாட் ஒரே ஓட்டையில் போகிறது, பத்தாவது எங்கோ போகிறது என்று புகார் எழுந்தது. துப்பாக்கி சரியில்லை என்றார்கள், பெல்லட் சரியில்லை என்றார்கள், செயலாளர் சரியில்லை என்றும் ஒரு குரல் கேட்டது. மூன்றையும் சோதிக்கத்தான் துப்பாக்கியை அசையாமல் பிடிக்கும் பெஞ்ச் வைஸும், வேகம் அளக்கும் குரோனோகிராஃபும் வாங்கப்பட்டன. "ஷூட்டிங் கற்றுக்கொள்ளும் இடத்தில் இது எதற்கு" என்று கேட்டவர்களுக்கு ஒரு கணக்கு.

10 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். 4.5 மி.மீ. பெல்லட் அதைத் தொட்டால் போதும். அதாவது பெல்லட்டின் மையம் 2.5 மி.மீ. தள்ளிப் போனாலும் 10.0 கிடைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு தசமத்துக்கும் கால் மில்லிமீட்டர். நம் போட்டி ரைஃபிளில் பெல்லட் ஏறத்தாழ விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்பி, டார்கெட்டை அடைவதற்குள் 18 மி.மீ. கீழே இறங்குகிறது. வேகம் 5 மீட்டர் குறைந்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். நான்கு தசமம் போயிற்று. ரைஃபிளை ஒரு ஷாட்டில் நேராகவும் அடுத்ததில் 5 டிகிரி சாய்த்தும் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் போகும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும்.

சோதித்த முறையையும் பதிவு செய்கிறேன், அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஸ்டாக்கைக் கழற்றி, பாரலைத் தாங்கும் பொறிப்பகுதியான ஆக்‌ஷனைத் தோல் வைத்து வைஸில் பிடிக்க வேண்டும். காற்றுச் சிலிண்டரைப் பிடித்து இறுக்கக் கூடாது. ஃபெல்ட் (துடைக்கும் கம்பளித் துண்டு) போட்டுத் துடைத்த பாரல் முதல் சில ஷாட்டை வேறு இடத்தில் போடும். பத்துப் பதினைந்து ஷாட் அடித்த பிறகே கணக்கு. 4.49, 4.50, 4.51, 4.52 மி.மீ. என நான்கு தலையளவிலும் (பெல்லட் தலையின் விட்டம்) பத்துப் பத்து ஷாட், வைஸை அசைக்காமல், அளவுக்கொரு புதிய அட்டையில். வெர்னியரில் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து பெல்லட்டின் விட்டத்தைக் கழித்தால் க்ரூப் அளவு, அதாவது ஷாட்கள் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பது. ஐந்து ஷாட்டில் கிடைக்கும் அழகான க்ரூப்பை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் அதிர்ஷ்டம். மூன்று முறை திரும்ப அடித்து, மோசமானதை வைத்து முடிவு செய்ய வேண்டும். சிலிண்டர் இல்லாமல் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கால் காற்றை அழுத்தும் ஸ்பிரிங் ரைஃபிள்களை வைஸில் பிடிக்க முடியாது; உதைக்கும், ஸ்கோப்பும் ஸ்டாக்கும் போகும். அவற்றை உட்கார்ந்து மெத்தென்ற பையில் வைத்துத்தான் சோதித்தோம்.

தெரிந்தது இது: வைஸில் நம் போட்டி ரைஃபிள்கள் எல்லாமே பத்துக்குள் அடிக்கின்றன, சரியான தலையளவு கொடுத்தால். ஒரு பாரலுக்கு 4.50 பிடிக்கிறது, பக்கத்து லேனில் இருப்பதற்கு 4.52. "நண்பருக்கு நன்றாக அடித்தது" என்று அதே பெல்லட் தகரம் (டப்பா) வாங்குவது அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வது மாதிரி.

வைஸிலும் சில ஷாட் வெளியே போயின. அந்தத் தகரத்தில் மீதி இருந்த பெல்லட்டுகளை லென்ஸில் பார்த்ததில் பலவற்றின் பாவாடை நசுங்கியிருந்தது. பெல்லட் இடுப்பொடுங்கிய உருவம். பின்பக்கப் பாவாடை மெல்லிய ஈயம், காற்றழுத்தத்தில் விரிந்து பாரலின் வரிகளை அடைப்பது அதுதான். தகரம் ஒருமுறை கீழே விழுந்தால் போதும். சட்டைப்பையில் சில்லறையோடு போட்டுக்கொண்டு வருவது அதைவிட மோசம். எளிய சோதனை: சமமான கண்ணாடித் துண்டில் உருட்டுங்கள். நல்லவை எல்லாம் ஒரே வளைவில் உருளும். நசுங்கியது தத்திக்கொண்டு வேறு வழி போகும். அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போடும் உறுப்பினருக்கும் ஒரு வார்த்தை: 0.53 கிராமில் 0.01 கிராம் மாறினால் குறியில் வரும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பாவாடையைப் பார்க்கும் நேரம் அதைவிடப் பயனுள்ளது.

துப்பாக்கிப் பக்கம் கண்ட குறைகள்: ஒன்றில் ஸ்டாக் திருகு தளர்ந்திருந்தது. இன்னொன்றில் பெல்லட் போடும் இடத்து ஓ-ரிங் தேய்ந்திருந்தது. அதன்மேல் டிஷ்யூத் தாள் கிழிசல் ஒன்றை வைத்துச் சுட்டபோது தாள் துள்ளியது, கசிவு உறுதி. மூன்றாவதில் சிலிண்டர் 60 பார் அழுத்தத்துக்குக் கீழே இறங்கிய பிறகும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குரோனோகிராஃபில் வேகம் ஷாட்டுக்கு ஷாட் படி இறங்கியது. இரண்டு சிலிண்டர்கள் தயாரித்து 10 ஆண்டு நிறைந்தவை, ஒதுக்கி வைத்தாயிற்று. அவற்றில் யாரும் காற்று நிரப்பக் கூடாது.

ஸ்பிரிங் ரைஃபிள்களின் கதை வேறு. பாரலை மடித்துப் பாதியில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். தொங்கி விழுந்தால் கீல் போல்ட் தளர்ந்திருக்கிறது. யாரோ அன்பு மிகுதியில் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். அது அழுத்த அறையில் தீப்பிடித்து, புகை வாசனையோடு பெல்லட் தாறுமாறான வேகத்தில் போகும். எண்ணெய் எரிந்து தீரும்வரை அந்த ரைஃபிளில் க்ரூப் பார்க்க முடியாது. ஃபெல்ட்டை ஸ்பிரிங் ரைஃபிளில் சுட்டு வெளியேற்றாதீர்கள். எடை போதாமல் பிஸ்டன் வெறுமனே மோதும். கம்பி கட்டி, பெல்லட் போடும் பக்கத்திலிருந்து இழுங்கள். பிடிப்பது உள்ளங்கையில் தளர்வாக, தினமும் ஒரே இடத்தில். முறுக்கிப் பிடித்தால் உதை ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் போகும்.

குண்டு பிடிக்கும் பெட்டிகளில் நேராக நின்ற தகடுகளை 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து, அடியில் மணல் தட்டு வைத்திருக்கிறோம். முன்பு ஈயம் துள்ளி லேன் வரை வந்தது. கண்ணாடி அணிவது கட்டாயம். ஈயத்தூளை ஈரத்துணியால் மட்டும் எடுக்க வேண்டும், விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. கையை சோப்பு போட்டுக் கழுவாமல் போண்டாவைத் தொடக் கூடாது.

இனி எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜூன் மாதச் சோதனையில் மூன்று ரைஃபிள்களுக்கு அருமையாகப் பொருந்திய ஒரு லாட் நம்பர் (ஒரே தடவையில் தயாரான பெல்லட் தொகுதி) கிடைத்தது. இப்படிக் கிடைத்தால் ஆண்டுக்குத் தேவையானதை ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். அதே கம்பெனி, அதே பெயர், அதே தலையளவு என்றாலும் அடுத்த லாட் வேறு அச்சில் வந்தது, வேறு மாதிரி அடிக்கும். பத்துத் தகரம் கேட்டிருந்தோம். அந்த மாதம் சந்தா கட்டியவர்கள் எத்தனை பேர் என்பது நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. நான்கு தகரம்தான் வாங்க முடிந்தது. செப்டம்பரில் பாக்கி ஓரளவு வந்தபோது அந்த லாட் தீர்ந்துவிட்டது. மாநிலப் போட்டிக்குப் போனவர்கள் பயிற்சி ஒரு லாட்டிலும் போட்டி வேறு லாட்டிலும் சுட்டார்கள். "பத்தாவது ஷாட் எங்கோ போகிறது" என்று அதிகம் சொன்னவர்களின் பெயரும் நோட்டீஸ் போர்டில் இருக்கும் பெயர்களும் பெரும்பாலும் ஒன்றே என்பது தற்செயலாக இருக்கலாம். நுழைவுப் படிவத்தில் கையெழுத்து வாங்க மட்டும் வருடம் ஒருமுறை தரிசனம் தருபவர்களுக்கும் இதே வணக்கம்.

வரவு செலவை தணிக்கையாளர் பார்த்து ஒப்பம் இட்டிருக்கிறார். வரவு சந்தா, முகாம் கட்டணம், நன்கொடை. செலவு வாடகை, மின்சாரம், பெல்லட், ஓ-ரிங், மேற்படி கருவிகள். கையிருப்பு உண்டு, பெரிதாக இல்லை. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் பார்க்கலாம்.

தலைவர், பொருளாளர், இடம் கொடுத்த உரிமையாளர், முகாமில் உதவிய மூத்த உறுப்பினர்கள், காபி கொண்டுவந்த தம்பி அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுச் சோதனை ஜூன் முதல் வாரம். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் எந்த அளவு, எந்த லாட் என்று அட்டை எழுதிப் பெட்டியில் ஒட்டப்படும். மே 31க்குள் சந்தா எவ்வளவு வருகிறதோ அந்த அளவுக்குத்தான் தகரம் வாங்கப்படும், கட்டியவர்களுக்கே முதலில் பிரிக்கப்படும். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாரும் விருப்பம் தெரிவித்தால் மகிழ்ச்சி. வைஸின் சாவியையும் வெர்னியரையும் அன்றே ஒப்படைக்கத் தயார். வெர்னியர் மட்டும் என் சொந்தப் பணத்தில் வாங்கியது, ரசீது இணைத்திருக்கிறேன்.