ஒத்திகையில் ஒழுகிப்போகும் நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடைக் கச்சேரிகளுக்கு நாளிதழ்களில் விமர்சனம் வருகிறது. மேடைக்கு முந்தைய ஒத்திகை அறைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பாடவும் வாசிக்கவும் கூடுகிற அமெச்சூர் குழுக்களுக்கு வாரத்தில் கிடைப்பதே இரண்டு மணி நேரம்தான். அதில் பாதி, இசைக்குச் சம்பந்தமில்லாத சில்லறைத் தொல்லைகளில் கரைகிறது. நிகழ்ச்சி சொதப்பிவிட்டால் நமக்குத் திறமை போதவில்லை என்று குழுக்கள் தங்களையே நொந்துகொள்கின்றன. ஒத்திகையை நடத்தும் விதத்தை மாற்றினாலே பெரும்பாலான குறைகள் தீரும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

முதலில் சுருதி. ஆறு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு தந்தியை முறுக்கினால் யாருக்கும் தன் ஒலி கேட்காது. சுருதி காட்டும் கைபேசிச் செயலி மைக் வழியாகக் கேட்பதால் பக்கத்தில் இருப்பவரின் தந்தியைக் காட்டிக்கொண்டிருக்கும். வாத்தியத்தின் தலையில் மாட்டும் கிளிப் டியூனர் அதிர்வை நேரடியாக வாங்குவதால் இரைச்சலிலும் ஏமாறாது. ஆனால் அதன் அடிப்படை அளவு 440 ஹெர்ட்ஸில்தான் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். மேற்கத்திய இசையின் ஏ (A) ஸ்வரத்துக்கு 440 என்பது 1975-இல் சர்வதேசத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 16 தரமாக ஏற்கப்பட்ட அளவு. பைக்குள் பொத்தான் அழுந்தி அது 442 ஆகிவிடுவது சகஜம். தனியாக வாசிக்கும்போது இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. இரண்டு வாத்தியங்கள் அதே ஸ்வரத்தைச் சேர்ந்து நீட்டும்போதுதான் நொடிக்கு இரண்டு முறை ஒலி அலையடிக்கும். உடனே எல்லோரும் பாடகரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கிட்டாரில் சுருதி ஏறிப்போனால், தேவைக்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிச் சேர்க்க வேண்டும். மேலிருந்து இறக்கி அங்கேயே நிறுத்தினால் திருகாணியின் பல்லிடைத் தளர்வு தந்தியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிடும். ஆறாவது தந்தியை முடிக்கும்போது முதல் தந்தி நகர்ந்திருக்கும், ஆகவே இரண்டாம் சுற்று கட்டாயம். புது நைலான் தந்தி சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் தந்தி மாற்றுகிறவர் மேடையில் பாட்டுக்குப் பாட்டு முறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வயலினில் தந்தியை இறுக்கும் பிரடையை முறுக்க முறுக்க, தந்திகளைத் தாங்கும் குதிரை விரற்பலகைப் பக்கம் சாயும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒருநாள் ஒத்திகை நடுவில் படாரென்று விழும். சேர்த்து முடித்ததும் குதிரையின் பின்முகம் நேராக நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

சுருதி சேர்த்த பத்தாவது நிமிடமே எல்லாம் கலைந்துவிடுகிறது என்பதுதான் அடிக்கடி கேட்கும் புலம்பல். காரணம் அறையின் வெப்பநிலை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும், புல்லாங்குழலின் சுருதி ஏறும். அதே சூட்டில் உலோகத் தந்தி நீண்டு இறங்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே போகிற இந்த இழுபறியில் குழலும் வயலினும் சண்டை போடாமல் என்ன செய்யும்? குளிர்சாதனமோ மின்விசிறியோ எதுவானாலும் முன்கூட்டியே போட்டு, வாத்தியங்களை உறையிலிருந்து எடுத்துக் கால் மணி நேரமாவது அறையில் வைத்துவிட்டு அதன்பிறகு சேர்ப்பதே சரி. ஒரே துண்டாக வரும் மூங்கில் குழலில் நீட்டவோ குறைக்கவோ வழியில்லை. அதை ஊதிச் சூடாக்கி, அதற்கு மற்றவர்கள் சேர வேண்டும். கீபோர்டிலும் சுருதியை நுணுக்கமாக மாற்றும் அமைப்பு பெரும்பாலும் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். தோல் வாத்தியங்கள் ஈரப்பதத்தில் தளரும். மூட்டில், அதாவது தோலின் விளிம்பு வளையத்தில், தட்டிச் சரிசெய்ய நேரம் பிடிக்கும் என்பதால் அவற்றை வாசிப்பவர்களுக்கு ஆதார சுருதியை முதலில் கொடுத்துவிட வேண்டும். எல்லோரும் சேர்த்து முடித்தபின் மிருதங்கத்தைத் தட்டத் தொடங்கினால் மற்றவர்கள் காத்திருப்பார்கள், காத்திருக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

கீபோர்ட் தரும் இரண்டு தொல்லைகள் தனி ரகம். முந்தைய பாட்டுக்காக அழுத்திய, மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் அப்படியே நின்றுவிடும். அடுத்த பாட்டில் கீபோர்ட் வாசிப்பவர் மட்டும் ஒரு கட்டை தள்ளி வாசிப்பார், விரல்கள் சரியான இடத்தில் இருப்பதால் தவறு எங்கே என்று அவருக்கே புலப்படாது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, மிதித்தால் ஒலியை நீட்டும் சஸ்டெய்ன் பெடலை மிதித்தபடியே சுவிட்சைப் போட்டால் பல கீபோர்டுகளில் பெடல் தலைகீழாக வேலை செய்யும். காலை எடுத்தால் ஒலி நீளும், மிதித்தால் நிற்கும். காலை எடுத்துவிட்டு, ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இது தெரியாமல் பெடல் கெட்டுப்போயிற்று என்று புதிது வாங்கியவர்கள் உண்டு.

மின்சாரத்துக்கு வருவோம். 'ம்ம்ம்' என்று விடாமல் கேட்கும் இரைச்சல், பெரும்பாலும் ஆம்பையும் (ஒலிபெருக்கி) மிக்ஸரையும் (ஒலிகளைக் கலக்கும் கருவி) அறையின் வெவ்வேறு மூலைப் பிளக்குகளில் செருகுவதால் வருகிறது. இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுகின்றன. ஒரே பிளக்கிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சிறிய குழுவின் கருவிகளுக்கு அந்தச் சுமை பெரிதல்ல. இரைச்சலைப் போக்குவதற்காக எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கத்தை மட்டும் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது. அப்படி வெட்டியபின் கிட்டார் தந்தியில் கைவைத்தபடி மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கலாம். உயிரே போகலாம்.

மைக் ஊளையிடுவதற்குப் பாடகரைத் திட்டும் வழக்கமும் நிற்க வேண்டும். ஸ்பீக்கர்கள் பாடகருக்குப் பின்னால் இருந்தால் மைக் தன் ஒலியைத் தானே திரும்பக் கேட்டு ஊளையிடத்தான் செய்யும். ஸ்பீக்கரைப் பாடகருக்கு முன்னால், மைக்கின் வால் பக்கத்தை நோக்கி வைக்க வேண்டும். சாதாரணப் பாட்டு மைக் பின்பக்க ஒலியை வாங்காதபடி செய்யப்பட்டது. அதன் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தக் குணம் போய்விடும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால், ஊளை தொடங்குவதற்கு முன் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். பாடாதவரின் மைக்கை மூடிவைப்பது இதற்காகத்தான். பிக்கப் (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) உள்ள அக்கூஸ்டிக் கிட்டாரில் வயரின் ஜாக்கைச் செருகினாலே உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி ஓடத் தொடங்கும். இடைவேளையில் பிடுங்காமல் விட்டால் அடுத்த வாரம் ஒலி மெலிந்து கரகரக்கும்.

இவையெல்லாம் கருவிகளின் தொல்லை. நேரத்தை அதிகம் தின்பது வேறொரு பழக்கம்: எங்கே தவறினாலும் "முதல்லேர்ந்து போலாம்" என்பது. நான்கு நிமிடப் பாட்டில் மூன்றாம் நிமிடத்தில் ஓர் இடம் இடறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை முதலிலிருந்து தொடங்கினால், ஏற்கெனவே நன்றாக வரும் பகுதிக்கே அரை மணி நேரம் போய்விடும். இடறும் இடமோ பத்து விநாடிதான். இதன் விளைவை எந்த அமெச்சூர் நிகழ்ச்சியிலும் கேட்கலாம். பல்லவி பளிச்சென்று இருக்கும், கடைசிச் சரணம் தடுமாறும், முடிவு ஆளுக்கொரு பக்கமாகச் சிதறும். முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரும் ஒத்திகையைக் குழுக்கள் ஒருமுறையாவது முயன்று பார்க்க வேண்டும். கடைசி வரி, பிறகு அதற்கு முந்தைய வரியும் கடைசி வரியும் என்று பின்னால் போகப் போக, ஒவ்வொரு முறையும் தெரிந்த இடத்தை நோக்கி வாசிக்கிறோம். தடுமாற்றம் தானாகக் குறையும்.

இடறும் இடத்தைச் சரிசெய்ய ஒரு முறை உண்டு. அதற்கு இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முன்னால் தொடங்க வேண்டும். வேகத்தை முதலில் அறுபது சதவீதத்துக்கு இறக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை பிழையில்லாமல் வந்தபின் வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் நான்கைந்து எண் ஏற்ற வேண்டும். இப்படியே உரிய வேகத்துக்கு வந்ததும் முன்வரியோடும் பின்வரியோடும் சேர்த்து ஒட்ட வேண்டும். இந்த ஒட்டும் வேலையைத் தவிர்த்தால் சரிசெய்த இடம் முழுப் பாட்டில் மறுபடி இடறும்.

நிறுத்துகிறவர் ஒருவராக மட்டும் இருக்க வேண்டும். நிறுத்தினால் எந்த இடம், யார், என்ன என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். "இரண்டாம் சரணம், மூன்றாம் வரி, பேஸ் கிட்டார் ஓர் அட்சரம் முந்துகிறது" என்றால் பத்து விநாடியில் வேலை நடக்கும். "எங்கேயோ இடிக்குது" என்றால் அது ஐந்து நிமிட விவாதம். அந்த ஐந்து நிமிடமும் ஒருவர் தனக்குப் பிடித்த மெட்டை வாசித்துக்கொண்டிருப்பார், ட்ரம்ஸ்காரர் குச்சியை உருட்டிக்கொண்டிருப்பார், பேசுவது எதுவும் காதில் விழாது. நிறுத்தியதும் கைகள் தந்தியை விட்டு விலக வேண்டும் என்ற ஒரே விதி போதும். இதற்குக் கோபித்துக்கொண்டு போகிறவர் இருந்தால் போகட்டும்.

காலப்பிரமாணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தம் கூடும்போது வேகமும் ஏறும், ஒலி தணியும்போது இழுபடும். ட்ரம்ஸ் உருட்டும் இடத்தில் தாளம் முந்தும். தொடக்க வேகத்தை மனதில் வரும்படி எண்ணாமல், பாட்டில் சொற்கள் நெருக்கமாக வரும் வரியை நினைத்துக்கொண்டு எண்ணினால் சரியாக அமையும். நிமிடத்துக்கு 96 தட்டு என்றால் 96 என்று பாட்டுத் தாளின் தலையில் எழுதிவைத்துவிடலாம். உட்காரும் இடமும் தாளத்தைப் பாதிக்கும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி எடுக்கும். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் தாளம் 30 மில்லி விநாடி தாமதமாகக் காதில் விழும், அந்த அளவில் இழுப்பு தெரியத் தொடங்கும். மூன்று நான்கு மீட்டருக்குள் வட்டமாக, ஒருவர் கையை ஒருவர் பார்க்கும்படி உட்கார்வதே நல்லது. கடைசி ஒத்திகையில் மட்டும் மேடை வரிசைப்படி. புளூடூத் ஹெட்போனில் தாமதம் இதைவிட அதிகம் என்பதால் சேர்ந்து வாசிக்க அது உதவாது.

தாள்களில் தேதி எழுதுங்கள். ஒருவரிடம் பழைய பிரதியும் மற்றவரிடம் திருத்திய பிரதியும் இருப்பதால் வரும் வாக்குவாதம் அத்தனையும் வீண். வரிகளுக்கு எண் போட்டு, திருத்தங்களைப் பென்சிலில் குறித்தால் போதும்.

ஒத்திகையைக் கைபேசியில் பதிவுசெய்கிறவர்கள் அதை ஆம்ப் மேலோ மேசை மேலோ வைக்காமல், இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் காது உயரத்தில் நிறுத்த வேண்டும். கைபேசி உரத்த ஒலியைத் தானாக அமுக்கிவிடும், ஆகவே யார் சத்தம் அதிகம் என்பதை அதில் கேட்டுத் தீர்ப்பு சொல்லக்கூடாது. வேகமும் சுருதியும் மட்டும் அதில் பொய்யில்லாமல் தெரியும்.

கடைசியாக, காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். சின்ன அறையில் ட்ரம்ஸ் இருந்தால் 100-ஐத் தொடுவது எளிது. இசைக் கலைஞர்களுக்கென்று வரும் காதடைப்பான்கள் எல்லா ஸ்வரங்களையும் ஒரே அளவில் குறைப்பதால் சுருதி கெடாமல் கேட்கும். பஞ்சு அப்படியல்ல, உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கி எல்லாவற்றையும் மந்தமாக்கும். ஒத்திகைக்குப்பின் காதில் 'கிய்ங்' என்ற ஒலி நின்றால் அடுத்த முறை ஆம்பைக் குறைத்தே ஆக வேண்டும். ஒருவர் ஏற்ற, மற்றவர் தன்னையே கேட்க முடியாமல் தானும் ஏற்ற, பாடகர் தொண்டை கட்டிப்போகும் வரை அது நிற்காது. குறைப்பதை ட்ரம்ஸிலிருந்து தொடங்க வேண்டும், மற்றவர்கள் அந்த அளவுக்கு இறங்கி வருவார்கள்.

அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எர்த் இணைப்பு சரியாக உள்ள பிளக், கைப்பிடி இல்லாத நாற்காலிகள், குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே திறக்கும் கதவு ஆகிய மூன்றையும் கொடுங்கள். ட்ரம்ஸ் மாட்டி முடிக்கவே அந்த இருபது நிமிடம் ஆகும். அதையும் வாடகை நேரத்தில் சேர்த்துப் பிடித்துக்கொள்வது நியாயமில்லை.

இப்படிக்கு,
அமெச்சூர் இசைக்குழு ஒன்றின் ஒத்திகைப் பொறுப்பாளர்