வசனத்தை நீட்டும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒருபால் ஈர்ப்பு பற்றிச் சபையில் பேச்செழுந்தால், உடனே நீட்டப்படுவது, தேவராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்களைப் பட்டியலிடும் 1 கொரிந்தியர் 6:9. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அங்கே 'சுயபுணர்ச்சிக்காரர்', 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்று இரு சொற்கள். முதலாவதன் கிரேக்க மூலம் 'மலாக்கோய்', நேர்ப்பொருள் 'மென்மையானவர்கள்'. மத்தேயு 11:8-இல் 'மெல்லிய வஸ்திரம்' என்று நாம் வாசிப்பதும் இதே சொல்தான். ஆங்கிலத்தில் 1946-இல் வந்த திருத்திய வேதாகமப் பதிப்பு (RSV) இவ்விரண்டையும் சேர்த்து 'ஹோமோசெக்சுவல்ஸ்' என்று ஒரே சொல்லாக்கியது. 1971-இல் அதையும் மாற்றிவிட்டது.

இரண்டாவது சொல்லான 'அர்செனோகொய்த்தாய்' அவ்வளவு எளிதில் விலகாது. லேவியராகமம் 20:13-இன் கிரேக்கப் பெயர்ப்பில் 'ஆண்', 'படுக்கை' என்ற சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அதிலிருந்து பிறந்த சொல் என்றே அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஒருபால் உறவைக் கண்டிக்கும் ரோமர் 1:26-27-உம் இருக்கிறது. வேதத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லி, மனம் உறுத்தும் விசுவாசியைத் தேற்ற முடியாது. ஆனால் ஒருபால் உறவுக்காகவே அழிந்ததாகப் பிரசங்கிக்கப்படும் சோதோம் நகரின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16:49 பட்டியலிடுகிறதே: கர்வம், ஆகாரத் திரட்சி, எளியவனுக்குக் கைகொடுக்காதது. இதைப் பிரசங்கத்தில் ஏன் விட்டுவிடுகிறோம்?

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் பிள்ளையை அழைத்துவந்தால், முதலில் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். கேட்டதை ஜெபக்குழுவில் 'ஜெபக்குறிப்பு' ஆக்காதீர்கள். 'குணப்படுத்த' எங்கும் அனுப்பாதீர்கள். அப்படிப்பட்ட மருத்துவ முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இலேயே தடைசெய்தது. கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த வார்த்தையை நம்பிக் கழுத்தை நீட்டும் பெண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

— வாசகர், பாளையங்கோட்டை