ஸ்பேனரைப் பிடுங்காதவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நம் சைக்கிள் பட்டறையில் சம்பளம் வாங்குகிறவர் யாரும் இல்லை. வருகிற வண்டிகள் யார் வீட்டிலோ மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தவை. வேலை பார்க்கிறவர்களும் தங்கள் பிழைப்பைப் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் வருகிறவர்கள்தான். இருந்தும் பட்டறை நடக்கிறது. யார் யாரால் நடக்கிறது என்பதைச் சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, சக்கரம் கட்டக் கற்றுக்கொடுக்கும் பெரியவருக்கு. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். கோட்டம் எடுக்க உட்கார்ந்திருப்பது பள்ளிக்கூடப் பையனோ, ஓய்வுபெற்ற வாத்தியாரோ, அவர் கை முன்னால் வராது. "ரிம் எந்தப் பக்கம் உரசுது? சரி, அந்த இடத்துல எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுத்து இறுக்கு. இப்ப சுத்திப் பாரு." அவ்வளவுதான் பேச்சு. அவசரப்பட்டு முழுச் சுற்று இறுக்கினால் அங்கே நேராகி, பக்கத்தில் கோணிக்கொள்ளும். அதையும் பார்த்துக்கொண்டே நிற்பார். அவரே உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. தெரிந்த வேலையைத் தொடாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நம் பட்டறை வெறும் இலவச ரிப்பேர் கடையாகிவிடாமல், வருகிறவர்கள் தாங்களே வேலை கற்றுக்கொள்ளும் இடமாக இருக்கிறதென்றால் அது இவரைப் போன்றவர்களால்தான்.

அடுத்து, டப்பாக்களைப் பிரித்து வைக்கும் அக்காவுக்கு. இந்த வேலையை யாரும் போட்டோ எடுப்பதில்லை. முன்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 3/16 அங்குல பால்ரஸ், பின்சக்கரத்துக்கு 1/4 அங்குலம். அளவு மாறிய ஒரு குண்டு உள்ளே போனாலும், குண்டுகள் உருளும் கூம்பான கோன் பாழ். பெடல் விஷயம் இன்னும் மோசம். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் ஓடும். தெரியாமல் வலது பெடலை அங்கே வைத்து முறுக்கினால் பெடல் மாட்டும் அலுமினியக் கிராங்கின் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். அக்கா எல்லா இடது பெடலிலும் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டார். அப்புறம் எந்தக் கிராங்கும் வீணாகவில்லை.

டயர் கொண்டுவந்து கொடுத்த எல்லோருக்கும் நன்றி. இனி கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: 26 இன்ச் என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மலைச் சைக்கிளின் வழக்கமான 26, ரிம்மில் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். பழைய வண்டிகளின் 26 x 1 3/8 என்றால் 590. ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், போதும். இந்தக் குழப்பத்தையெல்லாம் பொறுமையாகப் பட்டியல் போட்டு இணையத்தில் வைத்துவிட்டு 2008இல் மறைந்த அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுனுக்கும் இந்த மடலில் ஒரு வரி சேர வேண்டும். உலகத்தில் எத்தனையோ பட்டறைகள் அவருக்குக் கடன்பட்டவை.

சிவப்பு வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஃபிரேம் ஒரு வண்டியிலிருந்து, சக்கரங்கள் இன்னொன்றிலிருந்து, ஹேண்டில்பார் எங்கிருந்து வந்ததென்றே தெரியாது. இரவுப் பணிக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டுமென்று வந்த பெண் தானே பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது. ஆனால் சீட்டுக் குழாய் அசையவில்லை. இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியக் குழாய் கிரீஸ் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். அசையவில்லை. கடைசியில் வெல்டிங் பட்டறை அண்ணன் தன்னுடைய பெரிய வைஸைத் தந்தார். வண்டியைத் தலைகீழாக்கிக் குழாயை வைஸில் கடிக்கவைத்து, ஃபிரேமையே நெம்புகோலாகப் பிடித்துத் திருப்ப வேண்டும். திருப்பியது அந்தப் பெண்தான். "நான் ஒரு கை போடட்டுமா" என்று அண்ணன் கேட்டார், வேண்டாமென்றதும் நகர்ந்துகொண்டார். 'க்ரீச்' என்று ஒரு சத்தம், வெள்ளைப் பொடி உதிர்ந்தது, குழாய் திரும்பிவிட்டது. வைஸுக்கு நன்றி அண்ணா. நகர்ந்துகொண்டதற்கு அதைவிடப் பெரிய நன்றி.

சுத்தியல் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டாருக்கும், மாதாமாதம் மண்ணெண்ணெய்க் கறை படிந்த தரையைத் தேய்த்துக் கழுவும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

பெயர் சொல்லாமல் வாசலில் பச்சை வண்டியைச் சாத்திவிட்டுப் போனவரே, உங்களுக்கும்தான். வண்டியில் பிரேக் கட்டை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. கூடையில் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பட்டறை நண்பர்கள்