ஆடி மாதப் பக்கம்

மடிப்பாக்கம், சென்னை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அரிசி மூட்டையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. இங்கு அனைவரும் நலம். முழங்கால் வலி மட்டும் என்னை விடுவதாக இல்லை.

கிராமங்களில் ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்களே, அது மெய்தானா என்று கேட்டிருந்தாய். 2023-24ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு அப்படித்தான் சொல்கிறது. நாட்டின் கிராமப்புறங்களில் ஒருவருக்கான சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய், நகரங்களில் 6,996 ரூபாய்; ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி எண் கிராமப்புறத்தில் ஒரே ஆண்டில் 0.266இலிருந்து 0.237க்கு இறங்கியிருக்கிறது. எண்ணில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது செலவை அளக்கிறதே தவிர, அந்தச் செலவுக்குப் பணம் எப்படிப் புரண்டது என்பதை அளப்பதில்லை.

பொங்கலுக்கு நான் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது தங்கச்சி எழுதும் வரவுசெலவு நோட்டைப் புரட்டினேன், நினைவிருக்கிறதா? தை மாதப் பக்கத்தில் எண்ணெய், பருப்பு, புதுத்துணி. ஆடி மாதப் பக்கத்தில் பள்ளிக் கட்டணமும் உன் அம்மாவின் மருத்துவச் செலவும். இரண்டு மாதக் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னது நெல் விற்ற பணம், பின்னது வளையலை அடகு வைத்த பணம். ஐந்து மா நிலம் வைத்திருக்கும் நீயும் அதைப்போல் எட்டு மடங்கு, இரண்டு வேலி வைத்திருக்கும் மேலத்தெருக்காரரும் அந்த ஆடி மாதத்தில் கணக்கெடுப்பாளர் கண்ணுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தெரிந்திருப்பீர்கள். அடகுக்குக் கட்டும் வட்டியோ, உரத்துக்கும் விதைக்கும் போடும் பணமோ நுகர்வுச் செலவில் சேராது.

எங்கள் குடியிருப்பின் காவலாளி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். இரண்டு ஏக்கர் மணிலாக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், உண்டு. இருந்தும் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்புகிறார், அதில்தான் அங்கே குளிர்சாதனப் பெட்டி வந்திருக்கிறது. கொல்லை அதற்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார். 2018-19இல் வேளாண் குடும்பங்களை ஆராய்ந்த அரசுக் கணக்கெடுப்பும் இதையே காட்டியது: சராசரி மாத வருமானம் 10,218 ரூபாயில் கூலியும் சம்பளமும் 4,063, பயிர் 3,798. நிலத்தை வைத்துக்கொண்டிருப்பவர்கள் நிலத்தால் வாழவில்லை. நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி 2022-23இல் சொந்தமாகப் பயிர் செய்யும் வீடுகளில் தலைக்கு மாதச் செலவு 3,702 ரூபாய்தான். அந்த ஆண்டின் கிராமப்புறச் சராசரியான 3,773க்கும் கீழே.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023-24இல் நம் மாநிலக் கிராமங்களில் தலைக்கு மாதச் செலவின் சராசரி 5,701 ரூபாய் என்பது வெறும் அலங்கார எண் அன்று. ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் மிச்சமாகும் பணம் முட்டைக்கும் பாலுக்கும் போவதை உன் வீட்டிலேயே பார்த்தேன்.

குறுவை அறுவடை முடிந்ததும் நீங்கள் இருவரும் ஒரு வாரம் இங்கு வந்து தங்குங்கள். வரும்போது அந்த நோட்டையும் தங்கச்சியை எடுத்து வரச் சொல். வளையலை மீட்க எத்தனை மாதம் ஆனது என்பதை அதில் எங்கும் நான் பார்க்கவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்